நெகட்டிவ் என்று வந்த அறிக்கையும் 17ஆம் குரோமோசோமும்: ஒரு மார்பகப் புற்றுநோய் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளிக்கு அப்போது வயது 52. காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்துவந்தார். கணவர் குத்தகை நிலம் பார்க்கிறார், மகனுக்குத் திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் வேலை, மகள் கல்லூரி முடித்து வீட்டில் இருந்தார். குடும்பத்தில் யாருக்கும் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்ததாகத் தெரியவில்லை.

2019 தொடக்கத்தில் இடது மார்பகத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததாலேயே அறுவடை முடியட்டும், கோயில் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போனது. ஜூலையில் அருகிலிருந்த நர்சிங் ஹோமில் காட்டினார்கள். ஊசி பயாப்ஸியோ மேமோகிராமோ எடுக்கவில்லை. நேரடியாகக் கட்டியை வெட்டி எடுத்துவிட்டார்கள். சுமார் மூன்றரை சென்டிமீட்டர். அதை ஒரு குறுகிய வாய்ப் பாட்டிலில் போட்டு மகன் கையில் கொடுத்து, நகரத்தில் இருக்கும் ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னார்கள். நம் ஊர்ப்பக்கம் இது ஒன்றும் அபூர்வமில்லை. நோயாளியின் உறவினர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரும் பாட்டில்கள் எங்கள் நோய்க்குறியியல் துறைக்கு வாரந்தோறும் வருகின்றன.

முதல் அறிக்கை

அந்த ஆய்வகம் கொடுத்த முடிவு: பாலூட்டுக் குழாயில் தோன்றி ஊடுருவிய புற்றுநோய், தரநிலை 2. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) நெகட்டிவ், புரொஜெஸ்டிரோன் ஏற்பி நெகட்டிவ், ஹெர்-2 என்ற செல் மேற்பரப்புப் புரதத்துக்கான சாயச் சோதனை 2+. ஹெர்-2 முடிவு நிச்சயமற்றது, ஃபிஷ் சோதனை (செல்லுக்குள் மரபணுவை எண்ணிப் பார்ப்பது) செய்யவும் என்று கீழே ஒரு வரி. இந்த அறிக்கையோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

மகன் ஏற்கெனவே இணையத்தில் தேடிப் படித்திருந்தார். “ஃபிஷ்லயும் நெகட்டிவ்னு வந்துட்டா டிரிப்பிள் நெகட்டிவ்தானே சார்? அதுக்கு மாத்திரையே கிடையாதுன்னு போட்டிருக்கு” என்று புறநோயாளிப் பிரிவில் கேட்டார். அவர் படித்தது தவறில்லை. ஹார்மோன் ஏற்பி இல்லாத கட்டிக்குத் தமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளால் பயனில்லை. ஏற்பி இருந்தால், ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ அந்த மாத்திரையை எடுப்பது நோய் திரும்பும் வாய்ப்பைப் பெரிதாகக் குறைக்கும். ஆகவே அறிக்கையின் அந்த ஒரு சொல்லில் பல ஆண்டுச் சிகிச்சை அடங்கியிருந்தது.

ஸ்லைடில் கண்டது

வெளியிலிருந்து வரும் நோயாளிகளின் பிளாக்குகளையும் (திசுத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டிகள்) ஸ்லைடுகளையும் வாங்கி மறுபடி பார்த்துவிட்டே சிகிச்சை தொடங்குவது எங்கள் துறை வழக்கம். ஏற்பிச் சாயம் போட்ட ஸ்லைடில் புற்றுச் செல்கள் எதிலும் நிறம் இல்லை. அந்த மட்டில் அறிக்கை சரி. ஆனால் அதே ஸ்லைடின் ஓரத்தில் இயல்பான பாலூட்டுக் குழாய்கள் சில இருந்தன. இயல்பான குழாயின் செல்களில் சிலவாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு நிறமேற வேண்டும். சோதனை வேலை செய்தது என்பதற்கு ஸ்லைடுக்குள்ளேயே இருக்கும் சாட்சி அதுதான். இங்கே அவையும் வெளுத்துக் கிடந்தன.

இதற்குப் பொருள் கட்டியில் ஏற்பி இல்லை என்பதல்ல, இந்த ஸ்லைடை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதுதான். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் முதலாவது நோயைப் பற்றிய முடிவு, இரண்டாவது திசுவைப் பற்றிய முடிவு. அறிக்கை படிவத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டே கட்டங்கள் இருந்தால் இரண்டாவது வகையும் நெகட்டிவ் கட்டத்தில்தான் போய் விழும்.

அந்த ஆய்வகம் கட்டியின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த பிளாக் ஒன்றுக்கு மட்டுமே சாயம் போட்டிருந்தது. வெளி விளிம்பைச் சேர்ந்த இன்னொரு பிளாக்கை எடுத்து நாங்கள் சாயம் போட்டோம். விளிம்பை ஒட்டி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குப் புற்றுச் செல்களின் உட்கரு பழுப்பாக நிறமேறியிருந்தது. உள்ளே போகப் போக நிறம் மங்கி, பிறகு ஒன்றுமே இல்லை. ஒரே கட்டிக்குள் ஏற்பி இருக்கும் பகுதியும் இல்லாத பகுதியும் இருப்பதுண்டு. ஆனால் அவை இப்படி வெளி விளிம்புக்கு இணைகோடு போட்டதுபோலப் பிரிவதில்லை. திசு கெடாமல் காக்கும் திரவமான ஃபார்மலின் எட்டிய தூரம்தான் அப்படிக் கோடு போடும்.

பாட்டிலின் கதை

மகனிடம் விசாரித்தோம். “அன்னிக்கு அங்க ஃபார்மலின் தீர்ந்துபோச்சு சார். உப்புத் தண்ணில போட்டு வச்சிருந்தாங்க. ராத்திரி நான்தான் டவுன்ல போய் வாங்கிட்டு வந்தேன். அப்படியே ஊத்திட்டாங்க.” மறுநாள் ஞாயிறு. திங்கள்கிழமைதான் ஆய்வகம் திறந்தது.

கடையில் விற்கும் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு என்ற அளவில் நீர் கலந்து, அமிலத்தன்மையைச் சமன்செய்தால்தான் திசுவுக்கு ஏற்ற 10 சதவீத ஃபார்மலின் கிடைக்கும். கலக்காமல் ஊற்றினால் வெளிப்புறம் விறைத்துவிடும். திரவம் உள்ளே இறங்கும் வேகத்தைத் தோராயமாக மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்பார்கள். கொழுப்பு நிறைந்த மார்பகத் திசுவில் அதுவும் கிடையாது. வெட்டிப் பிளக்காத மூன்றரை சென்டிமீட்டர் கட்டியின் நடுப்பகுதி ஃபார்மலினைக் காண்பதற்கு முன்பே பல மணி நேரம் அழுகத் தொடங்கியிருக்கும்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள், நோய்க்குறியியலாளர்கள் அமைப்புகளின் வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. உடலிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் இருக்க வேண்டும்; அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். ஒரு விழுக்காடு புற்றுச் செல்களில் நிறம் தெரிந்தாலே ஏற்பி பாசிட்டிவ். இத்தனை தாழ்ந்த வரம்பை வைத்தும் நெகட்டிவ் வரும்போது திசு எப்படிக் கையாளப்பட்டது என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

இரண்டாம் அறுவைச் சிகிச்சை

விளிம்பில் நிறம் கண்டதை மட்டும் வைத்து ஏற்பி பாசிட்டிவ் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. முதல் அறுவையில் கட்டியின் ஓரங்கள் புற்று இல்லாமல் சுத்தமாக இருந்தனவா என்பது தெரியாது, அக்குள் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) யாரும் தொட்டிருக்கவில்லை. எப்படியும் இரண்டாம் அறுவை வேண்டும். அதில் கிடைக்கும் திசுவை ஒழுங்காகப் பதப்படுத்தி அதில் சோதிப்பது என்று ட்யூமர் போர்டில், அதாவது பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், முடிவானது. ஓரிரு வாரத் தாமதம் சிகிச்சையைப் பாதிக்காது. தவறான ஏற்பி முடிவு ஐந்தாண்டைப் பாதிக்கும்.

ஆகஸ்டில் மார்பக நீக்கமும் அக்குள் நெறி நீக்கமும் நடந்தன. திசுவை வெளியே எடுத்த நேரம் அறுவை அரங்கிலேயே குறிக்கப்பட்டது. எங்கள் உதவியாளர் அதை உடனே கொண்டுவந்து, சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு வீதம் பிளந்து, பெரிய தொட்டியில் போட்டார். பழைய குழியின் சுவரில் 9 மில்லிமீட்டர் புற்று எஞ்சியிருந்தது. பதினைந்து நெறிகளில் இரண்டில் பரவல்.

எஞ்சிய கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 90 சதவீதச் செல்களில், அழுத்தமான நிறத்தில். நிறமேறிய செல்களின் விகிதத்தையும் நிறத்தின் அழுத்தத்தையும் கூட்டித் தரும் ஆல்ரெட் மதிப்பெண் எட்டுக்கு எட்டு. புரொஜெஸ்டிரோன் ஏற்பி 15 சதவீதத்தில், நடுத்தர நிறம், ஆல்ரெட் 5. நெறியில் இருந்த புற்றிலும் ஏறத்தாழ இதே அளவு. பக்கத்தில் இருந்த இயல்பான குழாய்களும் நிறமேறியிருந்தன. ஹெர்-2 மட்டும் திரும்பவும் 2+.

17ஆம் குரோமோசோம்

ஹெர்-2 புரதத்துக்கான மரபணு 17ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. சில கட்டிகளில் இந்த மரபணு மட்டும் பல மடங்கு பெருகி, செல்லின் மேற்பரப்பெங்கும் ஹெர்-2 புரதம் நிறைந்துவிடும். அத்தகைய கட்டிகளுக்காக வந்த மருந்து டிராஸ்டுசுமாப்; அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்றது. சாயச் சோதனையில் 3+ வந்தால் மருந்து உண்டு, 0 அல்லது 1+ என்றால் இல்லை. 2+ வந்தால் மரபணுவையே எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஃபிஷ். ஹெர்-2 மரபணுவில் சிவப்புப் புள்ளி ஒளிரும், 17ஆம் குரோமோசோமின் நடுமுடிச்சில் (சென்ட்ரோமியர்) பச்சைப் புள்ளி ஒளிரும். இருட்டறையில் ஒவ்வொரு உட்கருவாக எண்ண வேண்டும்.

இருபது செல்களில் சிவப்பு 94, பச்சை 68. அதாவது செல்லுக்குச் சராசரி 4.7 ஹெர்-2 மரபணுக்கள், 3.4 நடுமுடிச்சுகள், விகிதம் 1.38. இயல்பான செல்லில் இரண்டும் இரண்டிரண்டுதான் இருக்கும்.

மரபணு கூடியிருக்கிறது, ஆனால் குரோமோசோமும் கூடவே கூடியிருக்கிறது. ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பத்து நகல் எடுப்பது வேறு, புத்தகத்தையே மூன்று பிரதி அச்சடிப்பது வேறு. இரண்டிலும் அந்தப் பக்கத்தின் எண்ணிக்கை கூடும். ஆனால் முதலாவதில்தான் யாரோ அந்தப் பக்கத்தைக் குறிவைத்திருக்கிறார்கள். 17ஆம் குரோமோசோம் மூன்றுக்கு மேல் இருப்பதைப் பாலிசோமி 17 என்பது வழக்கம்.

அந்த வழக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு, ட்யூமர் போர்டில் புற்றுநோய் மருத்துவர் கிளப்பியதும் அதைத்தான். பச்சைப் புள்ளி நடுமுடிச்சை மட்டுமே காட்டுகிறது, முழுக் குரோமோசோமையும் அல்ல. குரோமோசோமின் பிற இடங்களையும் சோதித்த ஆய்வுகளில், பாலிசோமி என்று எழுதப்பட்ட கட்டிகள் பலவற்றில் முழுக் குரோமோசோம் கூடியிருக்கவில்லை, நடுமுடிச்சுப் பகுதி மட்டும் பெருகியிருந்தது. ஹெர்-2வும் நடுமுடிச்சும் சேர்ந்தே பெருகினால் விகிதம் குறைந்து காட்டும், உண்மையான பெருக்கம் கண்ணில் படாமல் போகும். “விகிதத்தை நம்பி ஒரு நல்ல மருந்தைத் தடுக்கிறோமா?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அதற்கான விடை எண்களில் மட்டும் இல்லை, புள்ளிகள் இருந்த விதத்திலும் இருந்தது. மரபணு உண்மையாகவே பெருகிய கட்டிகளில் சிவப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் திரளும், சில செல்களில் எண்ணவே முடியாது. இங்கே எந்தச் செல்லிலும் கொத்து இல்லை. நான்கும் ஐந்துமாகச் சிதறிக் கிடந்தன, பச்சைப் புள்ளிகளும் அப்படியே. எந்தப் பகுதியைப் பார்த்தாலும் அதே தோற்றம்.

2013 வழிகாட்டுதல்படி இந்த முடிவு நிச்சயமற்றது என்ற வகையில் விழுந்திருக்கும். 2018 திருத்தம் அந்த வகையை எடுத்துவிட்டு ஐந்து குழுக்களாகப் பிரித்தது. விகிதம் 2-க்குக் கீழ், மரபணு எண்ணிக்கை 4-லிருந்து 6-க்குள் என்பது நான்காம் குழு. சாயமும் 2+ என்றால், முதல் முடிவை அறியாத இன்னொருவர் குறைந்தது இருபது செல்களை எண்ண வேண்டும். எங்கள் துறையின் இன்னொரு மருத்துவர் எண்ணினார்: சிவப்பு 90, பச்சை 66, விகிதம் 1.36. குழு மாறவில்லை. ஹெர்-2 நெகட்டிவ் என்று, விளக்கக் குறிப்போடு கையெழுத்தானது. எண்ணிக்கை 6 அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் விகிதம் குறைவாக இருந்தாலும் பாசிட்டிவ் பக்கம் போயிருக்கும்.

முடிவெடுத்த விதம்

அப்படியும் டிராஸ்டுசுமாப் கொடுத்துப் பார்க்கலாமே என்ற குரல் கூட்டத்தில் இருந்தது. முற்றிலும் ஆதாரமில்லாத குரலும் அல்ல. பெரிய டிராஸ்டுசுமாப் சோதனை ஒன்றில், மறுபரிசோதனையில் ஹெர்-2 நெகட்டிவ் என்று தெரிந்த சில பெண்களும் பயன்பெற்றதுபோலத் தெரிந்தது. அதை நேரடியாகச் சோதிக்கத்தான் வட அமெரிக்காவில் பி-47 என்ற ஆய்வு நடந்தது. சாயம் 1+ அல்லது 2+, ஃபிஷ்ஷில் பெருக்கம் இல்லை என்ற நிலையில் இருந்த 3,270 பெண்கள். கீமோவோடு ஓராண்டு டிராஸ்டுசுமாப் சேர்த்ததால் நோய் திரும்புவது குறையவில்லை. 2017 இறுதியில் அந்த முடிவு வெளியாகியிருந்தது, எங்கள் விவாதத்தில் அதிக எடை அதற்கே இருந்தது.

இன்னொரு பக்கம், டிராஸ்டுசுமாப் இதயத்தின் இறைக்கும் திறனைக் குறைக்கக்கூடியது. இவருக்குக் கீமோவில் டாக்ஸோரூபிசின் இருந்தது, அதுவும் இதயத்தைப் பாதிக்கும். கூடவே சர்க்கரை. பயன் தெரியாத மருந்தை ஓராண்டு ஏற்றுவது சும்மா ஒரு கூடுதல் பாதுகாப்பு ஆகாது.

குடும்பத்திடம் சொல்வது எளிதாக இல்லை. கணவர், “காசு பாக்காதீங்க டாக்டர், நகை இருக்கு, வச்சிடலாம்” என்றார். நோயாளி அதுவரை அதிகம் பேசாதவர். அவர்தான் நேராகக் கேட்டார்: “அந்த ஊசி எனக்குத் தேவையில்லைங்கறீங்களா, இல்ல எங்களால முடியாதுன்னு விடுறீங்களா?” காப்பீட்டுத் திட்ட அட்டையோடு வரும் பலர் மனத்தில் இந்தச் சந்தேகம் இருக்கிறது, கேட்பவர் குறைவு. புற்றுநோய் மருத்துவர் ஃபிஷ் படத்தைக் கணினித் திரையில் போட்டு, கொத்துக் கொத்தாகப் புள்ளி திரண்ட வேறொரு கட்டியின் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். “உங்க கட்டிக்கு இது வேலை செய்யாதும்மா. மாத்திரைதான் உங்களுக்கு மருந்து. அது முதல் ரிப்போர்ட்படி கிடையாதுன்னு இருந்துச்சு, இப்போ இருக்கு.” பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மகனுக்கு வேறு ஒரு பயம். குரோமோசோம் கோளாறு என்றால் தங்கைக்கும் வருமா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. 17ஆம் குரோமோசோம் என்று இணையத்தில் தேடினால் அதே குரோமோசோமில் இருக்கும் பிராகா-1 மரபணுவும் வந்து நிற்கும், பரம்பரை மார்பகப் புற்றுநோய் என்று படிப்பார்கள். பிராகா-1 கோளாறு பிறவியிலேயே உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பது. பிள்ளைகளுக்குக் கடத்தப்படலாம். இங்கே கண்ட கூடுதல் குரோமோசோம்கள் கட்டியின் செல்கள் பிரியும்போது கட்டிக்குள் உண்டானவை. இரத்தத்தில் இல்லை, மகளுக்குப் போகாது. மார்பகக் கட்டிகளில் குரோமோசோம் மாற்றம் இல்லாதது அரிது. ஹார்மோன் ஏற்பி உள்ள, தரநிலை குறைந்த கட்டிகளில் 1ஆம் குரோமோசோமின் நீண்ட கரம் கூடியும் 16ஆம் குரோமோசோமின் நீண்ட கரம் இழந்தும் காண்பது வழக்கம். குடும்ப வரலாறு இல்லாததாலும் நோய் வந்த வயதாலும் பிராகா சோதனை தேவைப்படவில்லை.

தொடர்ந்தது

செப்டம்பர் 2019-ல் கீமோ தொடங்கியது. முதலில் டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு நான்கு சுற்றுகள், பிறகு வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் பாக்லிடாக்சல். மார்ச் 2020-ல் பதினைந்து நாள் ரேடியேஷன். கடைசி நாட்கள் ஊரடங்கில் மாட்டின, மகனால் திருப்பூரிலிருந்து வர முடியவில்லை. மருத்துவமனை வண்டி அனுப்பி முடித்தோம். ஏப்ரலில் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று.

மாத்திரை கிடைத்துவிட்டதால் கதை முடியவில்லை. 2021-ல் மூட்டு வலி தாளாமல் இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தியிருந்தார். அவர் சொல்லவில்லை, மருந்தகத்தில் மாத்திரை வாங்காததை வைத்துத் தெரிந்தது. அனஸ்ட்ரோசோலுக்கு மாற்றினார்கள், வலி பொறுக்கக்கூடிய அளவுக்கு இறங்கியது. எலும்புச் செறிவு குறைந்திருந்ததால் கால்சியம், வைட்டமின் டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலெட்ரானிக் அமிலம்.

2022-ல் மகன் தொலைபேசியில் அழைத்தார். ஹெர்-2 குறைவாக இருக்கும் கட்டிக்குப் புது மருந்து வந்திருக்கிறதாமே என்று. வந்திருந்தது. சாயம் 1+, அல்லது 2+ ஆகி ஃபிஷ் நெகட்டிவ் என்ற கட்டிகள் உடலில் பரவிய நிலையில் இருந்தால், டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் பயன்தருவதாக அவ்வாண்டு ஆய்வு வெளியானது. அம்மாவுக்குப் பரவல் இல்லாததால் இப்போது தேவையில்லை, ஆனால் 2+ என்று எழுதிய அந்த அறிக்கையைத் தொலைக்க வேண்டாம் என்று சொன்னோம். பழைய டிராஸ்டுசுமாப்புக்கு நெகட்டிவ் என்பதும் புது மருந்துக்குத் தகுதி என்பதும் ஒரே ஆளின் கோப்பில் இருக்க முடியும்.

ஏப்ரல் 2025-ல் ஐந்தாண்டு மாத்திரை முடிந்தது. மறுபக்க மேமோகிராமும் பரிசோதனைகளும் இயல்பு. நெறியில் பரவல் இருந்ததால் மேலும் இரண்டாண்டு தொடர்வது என்று முடிவானது. ஐந்தாண்டுக்குப் பிறகு இரண்டாண்டு நீட்டிப்பதும் ஐந்தாண்டு நீட்டிப்பதும் ஒரே பலனையே தருகின்றன என்று ஆஸ்திரிய ஆய்வு ஒன்று காட்டியிருந்ததும், எலும்பின் நிலையும், நீட்டிப்பை இரண்டோடு நிறுத்தக் காரணங்கள்.

மாறியதும் மாறாததும்

எங்கள் அறிக்கைப் படிவத்தில் ஏற்பிக்கு இப்போது மூன்று கட்டங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ், மதிப்பிட இயலாது. இயல்பான குழாயில் நிறமேறியதா என்பதை எழுதாமல் நெகட்டிவ் அறிக்கையில் கையெழுத்திடுவதில்லை. ஸ்லைடில் இயல்பான குழாயே இல்லையென்றால் இன்னொரு பிளாக் எடுக்கிறோம். ஃபிஷ் அறிக்கையில் பாலிசோமி என்ற சொல்லை விட்டுவிட்டோம். நடுமுடிச்சு எண்ணிக்கை, மரபணு எண்ணிக்கை, விகிதம், புள்ளிகள் கொத்தாக இருந்தனவா சிதறியிருந்தனவா என்று மட்டும் எழுதுகிறோம். பாலிசோமி என்று படித்ததும் அதையே தனியொரு நோய்போல எடுத்துக்கொண்டு மருந்து கேட்டவர்கள் உண்டு.

எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் நர்சிங் ஹோம்களுக்கு, அளவாகக் கலந்த ஃபார்மலினோடு அகல வாய் டப்பாக்கள் கொடுக்கிறோம். திசுவைப் போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும், பெரிய கட்டியானால் நடுவில் ஒரு வெட்டுப் போட வேண்டும் என்று மூடியில் தமிழில் ஒட்டியிருக்கிறது. கூட வரும் சீட்டில் எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் என்று இரண்டு இடங்கள்.

டப்பாவைப் பயன்படுத்துகிறார்கள். நேரத்தை நிரப்புவது பாதிக்குப் பாதிதான். ஊசி பயாப்ஸி எடுக்காமல் கட்டியை வெட்டும் பழக்கமும் போகவில்லை. ஊசியில் வரும் மெல்லிய திசுவுக்குள் ஃபார்மலின் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், ஏற்பிச் சோதனைக்கு அதுவே சிறந்த மாதிரி. முதல் நாளே அதை எடுத்திருந்தால் இந்த நோயாளிக்கு இரண்டு அறுவைக்குப் பதில் ஒன்று போதுமாயிருந்திருக்கும், மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை பற்றியும் பேசியிருக்கலாம். நேரம் எழுதாத சீட்டோடு வரும் டப்பாக்களுக்கு நாங்கள் ஃபோன் செய்து கேட்கிறோம். பதில் கிடைக்காதபோது அறிக்கையின் முதல் வரியிலேயே “ஃபார்மலினில் இட்ட நேரம் தெரியவில்லை” என்று எழுதி அனுப்புகிறோம்.